இடது பக்கம் திரும்பாத கழுத்து

எங்கள் தீவின் விமானத்தளத்தை ஒட்டிய டாலிகஞ்சில் என் சலூன் இருக்கும் வரிசை முழுக்கத் தகரக் கூரைகள். பயணிகள் விமானம் வந்து இறங்கும்போது அவை சும்மா இருக்கும். மெயின்லேண்டிலிருந்து சண்டை விமானங்கள் பயிற்சிக்கு வந்திருக்கும் வாரங்களில் மட்டும் கூரை அதிரும். கண்ணாடிக்கு முன்னாலுள்ள பலகையில் பவுடர் டப்பா தானாக நகர்ந்து வரும். அந்த நேரத்தில் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, சத்தம் போகும்வரை கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவரும் கண்ணை மேலே தூக்குவார். கூரையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனாலும் பார்ப்போம்.

முடி வெட்டுகிறவன் என்றால் நிறையப் பேசுவான் என்று நினைக்கிறார்கள். எனக்குப் பேச்சு வராது. ஐந்தாவதோடு படிப்பை விட்டு, அப்பாவோடு சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன். இந்திக்காரர்கள் ஆசான் என்ற அர்த்தத்தில் என்னை உஸ்தாத் என்று கூப்பிடும்போதே கூச்சமாக இருக்கும். என் கடைக்கு வேண்டிய பேச்சையெல்லாம் ஓர் அண்ணாச்சி வெளியிலிருந்து கொண்டுவருவார். தூத்துக்குடிக்காரர், கட்டட கான்ட்ராக்டர். வாரத்தில் இரண்டு நாள் ஷேவிங்குக்கு வருவார். மற்ற நாட்களில் சும்மா பெஞ்சில் உட்கார வருவார்.

பேச்சு வராததாலோ என்னவோ, எனக்குத் தலைகளை நன்றாகத் தெரியும். முகத்தைவிடத் தலையை. முடி வெட்டி முடிந்ததும் லேசாக மாலிஷ் செய்து, கடைசியில் கழுத்தில் நெட்டி எடுத்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். ஒரு கையைத் தாடைக்கடியிலும் இன்னொரு கையைப் பின்மண்டையிலும் வைத்து, தலையை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். ஆள் தன்னை மறந்து கழுத்தைத் தளர்த்தும் ஒரு கணம் வரும். அப்போது சட்டென்று ஒரு திருப்பு. 'நெட்'டென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் பலருக்கு முடி வெட்டியது போலவே இருக்கும். எத்தனையோ வருஷமாக எடுக்கிறேன். ஒருநாளும் பயந்ததில்லை.

சென்ற ஆண்டு, மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்திருந்த ஒரு காலையில் அந்த விமானி வந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அரைக்கால் சட்டை, சாதாரண பனியன். விமானி என்று எனக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று, "அண்ணா, தமிழுங்களா?" என்று கேட்டார். கோயமுத்தூர்ப் பேச்சு. தலையாட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒன்றைக் கவனித்தேன். இடப்பக்கத்துப் பெஞ்சிலிருந்த அண்ணாச்சியைப் பார்க்க அவர் தலையைத் திருப்பவில்லை. இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பினார்.

துணியைப் போர்த்தி, கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போடும்போது முகத்தைச் சுளித்தார்.

"மெதுவாங்கண்ணா. டாக்ஃபைட்ல கழுத்து புடிச்சுக்கிச்சு."

எங்கள் பக்கத்தில் அப்போது தெருநாய்த் தொல்லை. மாலையில் வண்டியில் போகிறவர்களைத் துரத்தும். அந்த வாரம்தான் ஒரு நாய் எதிர் மருந்துக் கடைக்காரரின் கணுக்காலைக் கடித்திருந்தது. எனக்கு 'டாக்' மட்டும் புரிந்தது. குனிந்து அவர் பின்கழுத்தைப் பார்த்தேன். பல் பட்ட இடம் எதுவும் தெரியவில்லை. காலைப் பார்த்தேன், அங்கும் இல்லை. வழக்கத்துக்கு மாறாக நானே பேசினேன்.

"ஊசி போட்டாச்சா சார்?"

"எதுக்குங்க ஊசி?"

"கடிக்கலேன்னாலும் நகம் பட்டிருந்தா போட்டிரணும் சார். ஆஸ்பத்திரியில காசு கிடையாது."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு கழுத்தில் இழுத்திருக்க வேண்டும். 'ஆ' என்று பிடரியைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"நாயில்லீங்கண்ணா. விமானம். ஆகாசத்துல ரெண்டு விமானம் கிட்டக்கிட்ட வந்து சண்ட போடுறதுக்கு அந்தப் பேரு."

அண்ணாச்சிக்கு அது போதும். "ஏம்வே, ஆகாசத்துல ஏதுவே நாயி? சாரு மேல பறக்கும்போது கீழேருந்து ஒண்ணு தாவிக் கடிச்சிருச்சாக்கும்?" என்றார். எனக்குக் காது சுட்டது. சீப்பை நனைத்துக்கொண்டு வேலையில் குனிந்தேன்.

அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. முடி அவ்வளவாக வளர்ந்திருக்கவில்லை. போன பயிற்சியில், விமானத்தை இறுக்கித் திருப்பிக்கொண்டிருந்தபோது, எதிராளி எங்கே என்று இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து கழுத்து இடப்பக்கம் வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நாளை மறுநாள் அவர்களுடைய டாக்டர் எல்லோரையும் பார்க்கிறார். கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்ட வேண்டும்.

"வரலேன்னு தெரிஞ்சா கீழ உக்கார வெச்சிருவாங்க. மத்தவங்க பறக்கறத நான் அண்ணாந்து பாக்கணும். அப்புறம் எப்ப விடுவாங்களோ, விடவே மாட்டாங்களோ. நீங்க நல்லா நெட்டி எடுப்பீங்கன்னு கேன்டீன்ல சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு எடுத்து உட்ருங்கண்ணா."

முதலில் முடியை முடிப்போம் என்று காதோரம் மெஷினை ஓட்டினேன். அண்ணாச்சிக்குத்தான் சந்தேகம் தாங்கவில்லை.

"ஏன் சார், இந்தக் காலத்துல போயி எதுக்குக் கிட்டக்கப் போயிச் சண்ட போடணும்? இங்கன இருந்து பட்டனத் தட்டுனா அங்கன உள்ளவன் விழுந்துர மாட்டானா?"

"விழுவான்ங்க. இங்க மேல இருந்து ஏவுகணைய விட்டா, ரங்கத் பக்கம் பறக்கறவன் மேல போய் அடிக்கும். அவன் மூஞ்சியக்கூட நான் பாக்க வேண்டியதில்ல."

எனக்கு மெஷின் கையில் நின்றுவிட்டது. ரங்கத்துக்குப் பஸ்ஸில் போனால், காட்டு வழியில் வண்டிகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்குக் காத்திருந்து, பஸ்ஸோடு படகில் ஏறி இறங்கி, பாதி நாள் ஓடிவிடும். அந்தத் தூரத்தை ஓர் ஏவுகணை நான் ஒரு கன்னம் மழிப்பதற்குள் கடந்துவிடுமாம்.

"அப்பம் கிட்டக்கப் போற சோலி எதுக்கு?" என்றார் அண்ணாச்சி விடாமல்.

"அதே கேள்வியத்தான் எங்கள்லயே பாதிப் பேர் கேக்கறாங்க. டாக்ஃபைட் செத்துப் போச்சு, இன்னும் எதுக்குக் கழுத்த ஒடிச்சுக்கறீங்கன்னு என் சீனியரே சொல்லுவாரு. அவரு சொல்றதும் தப்பில்லீங்க. ஆனா விட்டது படணுமில்ல? அவன் நடுவால குழப்பி விட்ருவான். சில சமயம், கண்ணால பாத்து அவன்தான்னு தெரிஞ்ச பின்னாடிதான் சுடணும்னு உத்தரவு இருக்கும். அது பயணிகள் விமானமாப் போய், உள்ள சனங்க இருந்துட்டா?"

துணிக்கடியிலிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்தார். உள்ளங்கைகளை விரித்து இரண்டு விமானங்களாக்கினார். ஒன்று மற்றதை நோக்கி மெதுவாக நகர்ந்தது.

"இப்ப வர்ற விமானத்தையெல்லாம் ரேடார்ல தெரியக் கூடாதுன்னே செதுக்கறாங்க. வெளிம்பு, ரெக்கை, குண்டு மாட்டுற எடம், எல்லாத்தையும் மறைச்சு. நான் அவனுக்குத் தெரிய மாட்டேன். அவன் எனக்குத் தெரிய மாட்டான். ரெண்டு பேரும் ஒளிஞ்சுக்கிட்டே வந்தா என்ன ஆகும்? கடைசில முட்டிக்கிட்டுத்தான் பாத்துக்கணும்."

இரண்டு கைகளும் கண்ணாடிக்கு முன்னால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன.

பிறகு அவர் சொன்னவை எதையும் நான் அதுவரை கேட்டதில்லை. அவர் ஓட்டுகிற விமானம் கையை விட்டால் நேராகப் போகாதாம். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்களாம். எந்த நொடியிலும் கவிழப் பார்க்கும். கம்ப்யூட்டர்தான் ஓயாமல் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும். எப்போதும் விழத் தயாராக இருப்பதால்தான் நினைத்த மாத்திரத்தில் திரும்புகிறது என்றார். அப்படித் திரும்பும்போது உடம்பில் உள்ளதெல்லாம் ஒன்பது மடங்கு கனக்கும். ரத்தம் காலுக்கு இறங்கிக் கண் இருண்டுவிடாமல் இருக்க, கால்சட்டையே தொடையை இறுக்கிப் பிடிக்கும்.

"தலையும் ஹெல்மெட்டும் சேந்து ஆறேழு கிலோன்னு வெய்யுங்க."

அண்ணாச்சி கணக்குப் போட்டார். "அறுவது கிலோ. சிமெண்ட் மூட்டையே அம்பதுதான வே. ஒரு மூட்டைக்கு மேல தலையில வச்சிக்கிட்டுப் பின்னால எவன் வாரான்னு திரும்பிப் பாக்கணும். நம்ம சித்தாளுங்க யாராச்சும் பாப்பாளா?"

"திரும்பித்தான் ஆகணுங்க. ஹெல்மெட் கண்ணாடில ஒரு குறி தெரியும். நான் எங்க பாக்கறனோ அங்க ஏவுகணையும் பாக்கும். விமானத்தோட மூக்கு அவனுக்கு நேரா இருக்கணும்னு இல்ல. தலை திரும்பினாப் போதும்."

தலை திரும்பினால் போதும் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என் கை பழைய கையாக இல்லை. எத்தனை பேர் எத்தனை வருஷம் யோசித்துச் செய்த யந்திரம். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருப்பவனைக் கொல்லும், ரேடாரிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும், விழுந்துகொண்டே பறக்கும். இவ்வளவும் செய்துவிட்டு அது கடைசியில் வந்து நிற்கிற இடம் இந்தக் கழுத்து. மெல்லிய பூனைமயிரும், காலருக்குக் கீழே ஒரு மச்சமும், பவுடர் வாசனையும் உள்ள கழுத்து. எத்தனையோ கழுத்துகளைப் பிடித்திருக்கிறேன். எதற்காக மனிதனுக்குக் கழுத்து என்று அன்றுதான் யோசித்தேன்.

முடி முடிந்தது. துணியை உதறினேன். அவர் கண்ணை மூடிக் கழுத்தைத் தளர்த்திக் காத்திருந்தார். ஒரு கையைத் தாடைக்கடியிலும் ஒரு கையைப் பின்மண்டையிலும் வைத்தேன். வலப்பக்கம் தலை இலேசாகப் போனது. இடப்பக்கம் கொஞ்சம் போய், ஏதோ உள்ளே கதவைச் சாத்திக்கொண்டது போல நின்றது. இடது பிடரிச் சதை கயிறு மாதிரி புடைத்துக் கிடந்தது. விரல் வைத்தபோது உள்ளே துடித்தது.

"எடுத்து விடும்வே, என்ன யோசன?" என்றார் அண்ணாச்சி.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"என்னால ஆகாது சார்."

அவர் கண்ணைத் திறந்தார். "ஏங்கண்ணா?"

"பயமா இருக்கு சார்."

வேறு காரணம் என்னிடம் இல்லை. நரம்பைப் பற்றியோ எலும்பைப் பற்றியோ எனக்கு ஒன்றும் தெரியாது. நெட்டி எடுத்திருந்தால் ஒருவேளை நன்றாகவே ஆகியிருக்கலாம். எடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான். டாக்டரிடமே சொல்லிவிடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவருக்கு முகம் இறுகிவிட்டது. "சொல்றது உங்களுக்கு ஈசி" என்றார். எழுந்து மொத்த உடம்போடும் வாசல் பக்கம் திரும்பினார். "வேற எங்கயாச்சும் எடுப்பாங்களா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "டெய்ரி ஃபார்ம் ஏரியாவுல ஒரு பிகார்காரன் கடை இருக்கு. அவன் யாருக்கும் எடுப்பான்" என்றார்.

விமானி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

அண்ணாச்சியிடம் நான் கோபித்துக்கொண்டதில்லை. அன்று அவருக்கு டீ சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டு எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். "கேட்டாரு, சொன்னேன். பொய் சொல்லவா முடியும்?" என்றார். நான் குடிக்கவில்லை. அன்றும் மறுநாளும் யார் தலையைப் பிடித்தாலும் டெய்ரி ஃபார்ம் கடையில் ஒரு கை அந்தத் தாடைக்கடியில் போவது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. நெட்டி கேட்டவர்களிடம் கை வலிக்கிறது என்று சொன்னேன்.

டாக்டர் பார்க்கும் நாளும் போய், அதற்கு அடுத்த நாள் காலையில் விமானி வந்து வாசலில் நின்றார். பார்த்ததுமே தெரிந்தது. உள்ளே வருவதற்கு உடம்போடு திரும்பினார். கழுத்தில் பட்டையாக வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"டெய்ரி ஃபார்ம் வரைக்கும் போனேன்ங்கண்ணா. எனக்கு முன்னால ரெண்டு பேர். முதல் ஆளுக்கு எடுத்தாரு. சத்தம் ரோட்டுக்குக் கேட்டுச்சு. நீங்க பயந்தது ஞாபகம் வந்துச்சு. எனக்கும் பயம் வந்திருச்சு. ஏந்திரிச்சு வந்துட்டேன்."

"டாக்டர்ட்ட?"

"சொல்லிட்டேன். முதல் கேள்வி என்ன கேட்டாரு தெரியுங்களா? பார்பர் எவனாச்சும் கைய வெச்சானான்னு."

அண்ணாச்சி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெச்சான், ஆனா கைய எடுத்துட்டான்னு சொன்னீங்களா இல்லியா?"

அவர் சிரித்தார். இந்தத் தடவை தோள் குலுங்காமல் கவனமாகச் சிரித்தார். பறக்க அனுமதி இல்லை. கழுத்துக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். பயிற்சி முடிந்து இவர்கள் இங்கிருந்து மெயின்லேண்டுக்குக் கிளம்புவதற்குள் சரியானால் உண்டு. இல்லாவிட்டால் அவருடைய விமானத்தை வேறொருவர் ஓட்டிப் போவார், அவர் பயணியாகப் பின்னால் போவார்.

"இப்ப மேல போறாங்க. அங்க நின்னு பாக்க முடியல. அதான் இங்க வந்தேன்" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் கூரை அதிர்ந்தது. ஒன்று, பிறகு இன்னொன்று. அவர் வாசலுக்கு ஓடினார். அண்ணாந்து பார்க்க முயன்று, முடியாமல் பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை. என் நாற்காலி இரும்பு. முதுகு சாயும், தலை வைக்கத் திண்டு உண்டு, காலால் அமுக்கினால் முழுவட்டமாகச் சுற்றும். "அண்ணாச்சி, பிடிங்க" என்றேன். நான் அவரை வேலை ஏவியது அதுதான் முதல் தடவை. "எடு வே எடு" என்று முனகிக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தார். டீக்கடைக்காரரும் வந்து சேர்ந்துகொண்டார். மூன்று பேருமாக நாற்காலியை வாசலுக்கு வெளியே, ரோட்டோரம் இழுத்துப் போட்டோம். விமானியை அதில் உட்காரச் சொல்லி, படுக்க வைத்த மாதிரி சாய்த்தேன். இப்போது கழுத்தை அசைக்காமலே அவருக்கு முழு வானமும் தெரிந்தது.

பெரும்பாலும் கடலுக்கு மேல், நம் கண்ணுக்கெட்டாத இடத்தில்தான் பழகுவார்களாம். அன்று தெற்கே மேகம் இருந்ததால் கொஞ்சம் பக்கத்திலேயே சுற்றினார்கள். எனக்கு முதலில் சத்தம் மட்டும்தான். சத்தம் வந்த இடத்தைப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. "அதுக்கு முன்னாடி பாருங்க, ரொம்ப முன்னாடி" என்றார். பார்த்தேன். இரண்டு சாம்பல் நிறத் துணுக்குகள். ஒன்று சட்டென்று சாய்ந்து திரும்பியது. திரும்பிய வேகத்தில் அதன் இறக்கைகளின் மேல் வெள்ளையாகப் புகை எழுந்து, நேரானதும் காணாமல் போனது.

"புகையா சார்?"

"ஈரக் காத்துங்க. காத்தையே பிழியறோம்ல. இந்தத் தீவுல ஈரம் ஜாஸ்தி, நல்லாத் தெரியும். இடது பக்கம் திருப்புங்கண்ணா."

காலால் அமுக்கி நாற்காலியை இடப்பக்கம் திருப்பினேன். "இன்னும்… போதும். இப்ப வலது. மெதுவா." நான் அவர் தலைக்குப் பின்னால் நின்று, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சொன்ன பக்கமெல்லாம் திருப்பினேன். வானத்தில் அவை வட்டமடித்தன. கீழே நாங்கள் வட்டமடித்தோம். முன்னால் போவது பின்னால் வருவதை ஏமாற்றி வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்தது தாண்டிப் போய், துரத்தினவனே துரத்தப்படுகிறவன் ஆனான். இதை அவர் சொல்லித்தான் கண்டுகொண்டேன். கண்டுகொண்ட பிறகு கண்ணை எடுக்க முடியவில்லை. உள்ளே ஒருவர், அறுபது கிலோவைத் தலையில் தாங்கிக்கொண்டு, இந்தக் கணம் திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவு உயரத்தில் அவ்வளவு சின்னதாகத் தெரிகிற அந்த விமானத்துக்குள் ஒரு கழுத்து திரும்புகிறது.

மேலே அண்ணாந்து பார்க்கிற கூட்டத்தைக் கண்டு பஸ்காரர் ஹாரன் அடித்தார். அண்ணாச்சி கையை நீட்டி, "தோடா ருக்கோ பாய், கொஞ்சம் நில்லும்வே, பறக்குறவங்களே பொறுமையா இருக்காங்க" என்றார்.

அதற்குப் பிறகு விமானி தினமும் சாயங்காலம் வந்தார். வாசலுக்கு வெளியே போட்ட பெஞ்சில் ரோட்டைப் பார்த்து நேராக உட்கார்ந்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி இடப்பக்கம் தலையை மெல்ல மெல்லத் திருப்புவார். தோளை அசைக்கக் கூடாது. தோளுக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் பார்க்க முடிந்தால்தான் மேலே விடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அண்ணாச்சிக்கு வேலை கிடைத்தது. எது வரை கண் போகிறது என்று தினமும் கேட்டு வைத்துக்கொள்வார்.

"இன்னிக்கு எது வரைக்கும் சார்?"

"டீக்கடை போர்டு, பாதி."

"நேத்தும் பாதிதான். ஒழுங்காப் பயிற்சி செய்யும்வே."

"அண்ணாச்சி, என்னையும் வேன்னு கூப்பிட ஆரம்பிச்சாச்சா?"

"கழுத்து சரியாகுற வரைக்கும் நீரு வே. அப்புறம் சார்."

டீக்கடை போர்டு முழுதாகத் தெரிந்தது. பிறகு அதற்கடுத்த தேங்காய்க் குவியல், பல நாள் அங்கேயே நின்றது. அவர் முகம் வாடிப்போகும். நான் கத்திரியைத் துடைத்துக்கொண்டிருப்பேன். தேங்காய்க்கடைக்குப் பிறகு தையல்காரரின் வாசல் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் கடைச் சுவரின் ஓரம்.

அவர்கள் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. மறுநாள் டாக்டர் கடைசியாகப் பார்க்கிறார். அன்று மாலை அண்ணாச்சி எங்கோ கான்கிரீட் போடப் போயிருந்தார். விமானி மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால், இடப்பக்கம், கடை வாசல்படியில் நின்றிருந்தேன். தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது. தோள் அசையவில்லை. டீக்கடையைத் தாண்டியது, தையல்காரரைத் தாண்டியது, சுவரைத் தாண்டியது. இடது பிடரிச் சதை மெல்ல நீண்டு வழிவிடுவதை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். முதலில் காது வந்தது, பிறகு கன்னம், பிறகு ஒரு கண் என் மேல் வந்து நின்றது.

அந்தக் கண் என் முகத்திலிருந்து சட்டைக்கு இறங்கியது.

"அண்ணா," என்றார், "உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் தொங்குதுங்க. விழுந்திரும்."

குனிந்து பார்த்தேன். தொங்கிக்கொண்டுதான் இருந்தது.